துவக்கோடு மூன்று படிகள்

சுவிஸில் பக்கத்து வீட்டாரின் மனதை அறிய வேண்டுமானால் நிலக்கீழ் உடுப்புத் தோய்க்கும் அறைக்குத்தான் போக வேண்டும். மற்ற இடங்களில் ஒரு "குருயெட்சி" வணக்கத்தோடு எல்லாம் முடிந்துவிடும். ஊஸ்டர் நகரில் எங்களுக்கு மேல்மாடியில் இருக்கும் ஃப்ராவ் ஹூபர், கணவரை இழந்த எண்பது வயதுக்காரி, அங்கே போர்வை மடித்தபடிதான் என்னிடம் உதவி கேட்டார். கணவரின் பழைய இராணுவத் துவக்கு நிலவறையில் இருக்கிறதாம், பொலிசில் ஒப்படைக்க வேண்டுமாம், கூட வந்து தூக்கித் தர முடியுமா என்றார். பழைய சைக்கிளைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

என்னிடம் இருப்பது இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டு. குடியுரிமை விண்ணப்பம் நகரசபையில் கிடக்கிறது. அதற்காகப் படித்தபோது ஆயுதச் சட்டத்தையும் ஒருமுறை புரட்டியிருந்தேன். ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை வரம்போடு தரும் அதே சட்டம், வாங்கவோ காவவோ கூடாத நாட்டவர் என்று ஒரு பட்டியலும் வைத்திருக்கிறது. அதில் நாங்களும் இருக்கிறோம். மனைவியிடம் சொன்னேன். "உங்களுக்கென்ன விசரே? பேசாமல் ஏரிக்குள்ள போடச் சொல்லுங்கோ" என்றாள்.

அவள் பகிடி விடவில்லை. யாழ்ப்பாணத்தில் என் தம்பி ஒழுங்கையில் பொறுக்கி வந்த வெற்றுத் துப்பாக்கி ரவைக் கோது ஒன்றை, இராணுவச் சுற்றிவளைப்பு என்றதும் அம்மா கிணற்றுக்குள் எறிந்தார். அப்படியும் ஐயாவை, எங்கள் தகப்பனை, கொண்டுபோய் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அந்தக் கிணற்றைத் தொடவே பயந்து ஒரு மாதம் அயல்வீட்டுத் தண்ணீர்தான் குடித்தோம்.

ஆனாலும் எண்பது வயதுக்காரியைத் தனியே விட மனம் வரவில்லை. துவக்கைப் போர்வையில் சுற்றி, கடைக்குப் போகும் உருளைப் பையில் அவரே வைத்து இழுத்தார். நான் இரண்டு அடி தள்ளி நடந்தேன். வழியெல்லாம் அவர் கதைத்தார். முன்பு துவக்கோடு முத்திரையிட்ட ரவைப் பெட்டியும் வீட்டில் இருந்ததாம். பிறகு இராணுவம் பெட்டியைத் திருப்பிக் கேட்டதாம். இப்போது செத்தவரின் துவக்கை வைத்திருக்க மனைவிக்கே அனுமதி வேண்டுமாம். துவக்கு வைத்திருக்கும் உரிமை அரசியலமைப்பில் இருப்பதாகவே அவர் நினைத்திருந்தார். அதில் துவக்குகளைப் பற்றி இருப்பது, துர்ப்பாவனையைத் தடுக்க வேண்டும் என்ற வரிதான் என்றேன்.

பொலிஸ் நிலைய வாசலில் மூன்று படிகள். பை முதல் படியிலேயே சிக்கியது, அவர் தடுமாறினார். யோசிக்க நேரமில்லை. பையைத் தூக்கி மேலே வைத்துவிட்டேன்.

உள்ளே இருந்த இளம் பொலிஸ்காரர் யார் கொண்டுவந்தது என்று கேட்டார். மறைத்தால்தான் பிழை என்று பட்டது.

"படியில் தூக்கியது நான். நான் இலங்கையர்."

அவர் முகம் மலர்ந்தது. "இலங்கையா? போன வருடம் விடுமுறைக்குப் போயிருந்தோம். என்ன அழகான கடற்கரை!"

அவ்வளவுதான். ஃப்ராவ் ஹூபர் கையெழுத்து வைத்தார், துவக்கு உள்ளே போயிற்று, எங்கள் இருவருக்கும் மெர்சி என்று ஒரு நன்றி கிடைத்தது. எனக்கு வந்த நிம்மதியில் சிரித்தே விட்டேன். கடற்கரைக்காகச் சிரிக்கிறேன் என்று அந்தப் பொலிஸ்காரர் நினைத்திருப்பார்.

வெளியே வந்தபோது ஃப்ராவ் ஹூபரின் கண்கள் கலங்கியிருந்தன. படி இறங்க என் இடக்கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை அவர் பாரத்தைச் சுகமாகவே தாங்கியது. மற்றக் கையைப் பிறகுதான் கவனித்தேன். யாரும் கேட்காமலே அது, ஊர்ச் சோதனைச்சாவடி முன் போல, உடம்பைவிட்டு விலகி, உள்ளங்கை விரிந்து, ஒன்றுமில்லை என்று தெருவுக்குக் காட்டிக்கொண்டிருந்தது.