ஒருவர் தலையாட்டும்வரை

மெல்பேர்னில் நான் தேநீர் பரிமாறும் மண்டபத்தில் ஒருநாள் பசிபிக் தீவு நாட்டுப் பிரதிநிதிகள் கூடினார்கள். கடல் ஏறி நிலம் குறைந்தாலும் தங்கள் கடல் எல்லை குறையக்கூடாது என்று எல்லாரும் ஒரே குரலில் உலகத்திடம் கேட்கவேண்டும் என்றார், ஆகச் சிறிய தீவிலிருந்து வந்த அம்மா. ஒருவர் மட்டும் தலையாட்டவில்லை. தன் நாட்டு மீனை வாங்கும் பெரிய நாடு கோபிக்குமே என்று அவருக்குப் பயம். எல்லாரும் பேசாமல் இருந்துவிட்டார்கள்.

கூட்டம் முறிந்தது என்று நான் கதிரைகளை அடுக்கப் போனேன். கூட வேலை செய்யும் நண்பன் கையைப் பிடித்தான்.

"விசரே மச்சான்? இவை வாக்கெடுக்கிற ஆக்களில்லை. அந்தாள் ஓம் எண்டு சொல்லுமட்டும் இப்பிடியே இருப்பினம்."

"மாட்டன் எண்டால்?"

"உன்ர கலியாணப் பேச்சு மாதிரி இழுபடும். தேத்தண்ணியைக் கொண்டு போ."

கொண்டுபோனேன். அந்த அம்மா ஒரு கோப்பையைத் தானே எடுத்து அவரிடம் நீட்டினார். எல்லையைப் பற்றி ஒன்றும் பேசாமல், "உங்கள் பக்கம் சூரை மீன் எப்படி?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நன்றாகத்தான் வருகிறது. உங்கள் கடலைத் தாண்டித்தானே வருகிறது," என்றார் அவர். சொன்னவர், கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, "அந்தக் கடல் உங்களிடம் இல்லாவிட்டால் எங்களுக்கு மீன் ஏது? எங்கள் நாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்," என்றார்.

ஒருவரும் கைதட்டவில்லை. இன்னொரு தடவை தேநீர் கேட்டார்கள்.