துரை வீட்டில் இல்லை

ஆங்கில நாடகம் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவனுக்குச் சிரிக்க வேண்டிய இடத்தில் உரை சொல்ல வேண்டியிருக்கிறதே, அதைவிடக் கொடுமை வேறில்லை. அருப்புக்கோட்டைக் கல்லூரியில் நான் படுவது மற்ற ஊர் வாத்தியார்களுக்கும் தெரிந்ததுதான்.

இந்த வருஷம் ஆண்டு விழாவுக்கு, எட்வர்ட் ராஜா காலத்து லண்டன் நாடகம் ஒன்றைத் தமிழில் போட்டோம். எப்போதும் நேர்மை பற்றியே பேசும் துரை, பிடிக்காத ஆள் வந்தால் ஒளிந்துகொண்டு, வேலைக்காரியை விட்டு “துரை வீட்டில் இல்லை” என்று சொல்ல வைப்பார். கதையே அதுதான்.

லண்டன் வழக்கம்

அந்தக் காலத்தில் அது ஒரு நாகரிகம் என்று வகுப்பில் மாய்ந்து மாய்ந்து விளக்கினேன். எல்லோரும் கொட்டாவி விட்டார்கள். பரளச்சி கிராமத்திலிருந்து வரும், வாயே திறக்காத செல்வி எழுந்தாள். மருந்தடிக்கிற மிஷினை இரவல் கேட்டு மாமா வந்தால், அப்பா கட்டிலுக்கு அடியில் போய்விடுவார் என்றாள். வாசலில் பதில் சொல்வது யார் என்று கேட்டேன்.

“நாந்தான் சார். அப்பா மதுரைக்குப் போயிருக்காகன்னு சொல்லிருவேன்.”

சோபா

துரை ஒளிய ஒரு சோபா தேவைப்பட்டது. ஜவுளிக்கடைக்காரர் வீட்டில் கேட்டதும், படிக்கிற பிள்ளைகளுக்கு இல்லாததா என்று அந்த அம்மா சந்தோஷமாகக் கொடுத்தார். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. துரை அசைந்தாலே சரசரவென்று சத்தம், வசனம் கேட்கவில்லை. உறையைக் கழற்றலாமா என்று போனில் கேட்டேன்.

“சம்பந்தி வீட்டுக்காரக வந்தப்பவே கழட்டல சார். நாடகத்துக்கா கழட்டச் சொல்றீக?”

முன்வரிசை

வேலைக்காரி வேஷம் செல்விக்குத்தான். தானே வந்து பார்ப்பதாகவும், குடும்பத்துக்கு ஒரு சொல் வந்தாலும் நாடகம் இத்தோடு சரி என்றும் சொல்லித்தான் அவள் அப்பா அனுப்பியிருந்தார். அவளுக்கோ நடிப்பு அதற்குள் உயிராகிவிட்டது. எனக்கும் உள்ளூரப் பயம்தான்.

விழாவுக்கு அவர் அந்த மாமாவையும் கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். இருவரையும் பார்த்த செல்வி தடுமாறி, துரை மதுரைக்குப் போயிருப்பதாகச் சொல்லிவிட்டாள். அரங்கமே சிரித்தது. மாமா மட்டும் மெதுவாகத் திரும்பி அவள் அப்பாவைப் பார்த்தார்.

நாடகம் முடிந்து இருவரும் மேடைக்குப் பின்னால் வந்தார்கள். செல்வி என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அவள் அப்பா மாமாவின் தோளில் கைபோட்டபடி சொன்னார்.

“அடுத்த வருசமும் புள்ளயச் சேத்துக்கங்க சார். இன்னைக்குத்தான் கொஞ்சம் தடுமாறிருச்சு. வீட்ல நம்ம மச்சான்கிட்டச் சொல்லும்போது இம்புட்டுத் தடுமாறாது.”

மறுநாளே மிஷின் மாமா வீட்டுக்குப் போய்விட்டதாம். நூறு வருஷமாக உண்மையைச் சொல்ல முடியாமல் ஒளிந்துகொண்டிருக்கும் லண்டன் துரையைப் பரளச்சிக்காரர் ஒரு நிமிஷத்தில் ஜெயித்துவிட்டார்.