டோக்கன் அக்காவின் ஞாயிறு பதினொரு மணி

இணையக் கம்பியின் நுனியைக் கதவுக்கு அடியில் செருகிவிட்டு, மறுவாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு உள்ளே போய், தரையில் மண்டியிட்டு அதை இழுக்கிறார் டோக்கன் அக்கா. பல் மருத்துவமனையின் எக்ஸ்ரே அறை அது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கம்பியைக் கொண்டுபோகலாமே என்று டாக்டரம்மா ஒருமுறை கேட்டார். "அப்படிப் போட்டா சாத்தும்போது நசுங்கிடும் டாக்டர். எந்த இடத்துல சந்து இருக்குன்னு இந்தக் கதவுக்கும் எனக்கும்தான் தெரியும்" என்று பதில் வந்தது. டாக்டரம்மா அதற்குப் பிறகு அந்த விஷயத்தில் தலையிடுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மருத்துவமனைக்கு விடுமுறை. சாவி அக்காவிடம் இருக்கும். எக்ஸ்ரே அறையின் சுவருக்குள் ஈயத்தகடு பதித்திருப்பதால் கீழ்த்தளத்து வண்டிப் பட்டறையின் சத்தம் அங்கே எட்டாது. கைப்பேசிக்கும் சமிக்ஞை கிடைக்காது. அதனால்தான் கம்பி. பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை நாத்தனார் கூப்பிட முடியாது என்பது கூடுதல் வசதி. கருவிகள் வைக்கும் சக்கரத் தட்டின்மேல் மடிக்கணினி, எதிரே சுழல் முக்காலி, பின்னால் திருப்பி மாட்டிய ஒரு படம். முதல் மாதம் அதைத் திருப்ப மறந்துவிட்டார். பழங்காலக் கப்பல்களைப் பற்றி அவர் உருகி உருகிப் பேச, தலைக்குப் பின்னால் ஆளுயரக் கடைவாய்ப்பல் ஒன்று வேரோடு நின்றது. அன்று கேட்டவர்கள் முப்பத்தொரு பேர். எல்லோருக்கும் பல் நினைவிருக்கிறது, கப்பல் நினைவிருக்கிறதா என்று சொல்வதற்கில்லை.

வாரத்தின் மற்ற ஆறு நாளும் அவர் முன்மேசையில் டோக்கன் கொடுக்கிறார். பத்தொன்பது வருடம். பயந்து வருகிறவர்களைப் பேச்சில் இழுத்துப் போடுவது அவருடைய கைவேலை. ஒருநாள் கன்னம் வீங்கிய பேருந்து ஓட்டுநர் ஒருவருக்கு, பருவக்காற்றை நம்பிப் பாய் விரித்த மாலுமிகள் காற்று திரும்பும்வரை மாதக்கணக்கில் வேற்றூரில் காத்துக் கிடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா இரண்டு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டும் அந்த மனிதர் எழுந்திருக்கவில்லை. "இருங்க டாக்டர், கப்பல் கிளம்பட்டும்" என்றாராம். பல்லைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்ததும், வாயில் பஞ்சோடு அவர் சொன்ன யோசனைதான் இந்த ஞாயிற்றுக்கிழமை இணையப் பேச்சு. "இதக் கேக்கறதுக்கு ஒவ்வொரு தடவையும் பல்லு வலி வர முடியாதுங்க."

பேச்சுக்குத் தலைப்பு பெரிதாக இருக்காது. பூட்டு, உப்பு, பழைய பாட்டுகளில் மழை, கடிதம் நடந்த கதை. நூலகத்தில் படித்ததை, தேதி கடந்துபோன சந்திப்பு அட்டைகளின் பின்பக்கம் பொடி எழுத்தில் குறித்துக்கொள்வார். ஒரு தலைப்புக்கு இருபது அட்டை. முன்மேசைப் பேச்சு ஞாயிற்றுக்கிழமையும் வாயை விட்டுப் போகாது. ஆண்டுக் கணக்கு வந்தால், "இப்ப நாலு வருஷம் சொல்லப்போறேன், வலிக்காது, சட்டுனு முடிஞ்சிடும்" என்பார். துக்கமான இடம் வரும்போது நிறுத்தி, ஒரு வாய் தண்ணீர் குடித்து, "கொஞ்சம் மரத்துப் போகட்டும், அப்புறம் சொல்றேன்" என்பார். கேட்கிறவர்கள் இதற்காகவே காத்திருப்பார்கள்.

மேசையில் அவர் பொய் சொல்லிப் பார்த்தவர்கள் கிடையாது. "அஞ்சே நிமிஷம்" என்ற சொல் அவர் அகராதியில் இல்லை. "நாப்பது நிமிஷம் ஆகும். போய் டீ குடிச்சிட்டு வாங்க. இடது பக்கமா குடிங்க" என்பார். அப்படிப்பட்டவர்தான் கடிதம் நடந்த கதையைச் சொன்ன அன்று வழுக்கினார்.

தபால் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, விலங்குகளை விரட்டக் கையில் மணி கட்டிய ஈட்டியோடு ஓடியவர்களைப் பற்றிய பேச்சு. பழைய அதிகாரி ஒருவரின் குறிப்பில் அக்கா கண்டெடுத்தது மூன்றே வரி. ஆறு பெருகியிருந்தது. ஓட்டக்காரன் ஒருவன் மூழ்கினான். பை கரை சேர்ந்தது. அவ்வளவுதான். அட்டையிலும் அவ்வளவுதான் இருந்தது. ஆனால் அன்று கேட்டவர்களின் முகங்கள் கட்டம் கட்டமாகத் திரையில் அசையாமல் நின்றன. பை மட்டும் கரை சேர்ந்ததைச் சொல்லிவிட்டு அவரால் அடுத்த அட்டைக்குப் போக முடியவில்லை. ஓட்டக்காரனுக்கு ஒரு மகள் இருந்தாள் என்று வாய் தானாகச் சொன்னது. ஈட்டியிலிருந்த மணி அவளிடம் வந்தது, அதை வாசல் நிலையில் கட்டினாள், மழை வரும்போதெல்லாம் அவளே அதை அடித்தாள், ஆற்றங்கரையில் யாராவது நின்றால் திரும்பிவிடட்டும் என்று. சொல்லி முடித்தபோது அக்காவுக்கே கண் நிறைந்திருந்தது. அந்தப் பெண்ணை அவர் அந்த நொடியில்தான் முதன்முதலாகப் பார்த்தார்.

யாரோ அந்த நான்கு நிமிடத்தை மட்டும் வெட்டி அனுப்பிவிட்டார்கள். கதைக்குக் கை கால் முளைத்தது. நாற்பது பேர் கேட்ட பேச்சை அடுத்தடுத்த வாரங்களில் அறுநூறு பேர் கேட்டார்கள். தெருமுனை மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் அக்காவைக் கண்டதும் எழுந்து நின்று வணக்கம் வைத்தார். கல்லூரியில் ஒரே வருடம் வரலாறு படித்து, வீட்டு நிலைமையால் நின்றுபோனவர் அக்கா. "டோக்கன் குடுக்கறவளுக்கு வரலாறு எதுக்கு" என்று சித்தப்பா மகன் சபையில் சொன்னது பத்து வருடமாக நெஞ்சில் குத்திக்கொண்டு இருந்தது. அது இப்போதுதான் கொஞ்சம் ஆறியிருந்தது. மணியைப் பற்றி மட்டும் யாராவது எடுத்தால், பேச்சை மாற்றிவிடுவார்.

அந்தப் பேச்சு நடந்த மூன்றாவது மாதம், தவறாமல் கேட்கும் பள்ளி ஆசிரியை ஒருவர் மகிழ்ச்சியோடு ஒரு படம் அனுப்பினார். ஏழாம் வகுப்புக்கு அவரே தயாரித்த வரலாற்று வினாத்தாள். ஆறாவது கேள்வி: ஓட்டக்காரரின் மகள் மணியை எங்கே கட்டினாள்? இரண்டு மதிப்பெண். அன்று அக்கா பதினேழாம் எண் டோக்கனை இரண்டு பேருக்குக் கொடுத்தார். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை.

கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். லிஃப்டைப் போலவே அவரும், அழைத்தால்தான் வருவார். அன்று சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்த மனைவியைப் பார்த்து, அழைக்காமலே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அக்கா எல்லாவற்றையும் சொன்னார்.

"சொல்லாம விட்டுட்டா என்னங்க? நல்ல கதைதானே. யாருக்கு என்ன நஷ்டம்?"

"ஒருத்தருக்கும் தெரியாது" என்றார் அவர்.

"சொன்னா, அளந்து விட்டான்னு பேசுவாங்க. படிக்காதவ புத்தி இவ்வளவுதான்னு என் சித்தப்பா மகன் சபையக் கூட்டிச் சொல்லுவான். அதுக்கப்புறம் நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசறது?"

அவர் தட்டைக் கையில் எடுத்தார். "லிஃப்ட் நல்லாத்தான் ஓடும். ஆனா உள்ள கம்பியில ஒரு பிரி விட்டிருக்கிறத நான் பாத்துடுவேன். நிறுத்திட்டு, ஓடாதுன்னு எழுதி ஒட்டிட்டுத்தான் வருவேன். எட்டு மாடி ஏறும்போது அத்தன பேரும் என்னத் திட்டுவாங்க. திட்டிக்கிட்டே நல்லபடியா வீடு போய்ச் சேருவாங்க." இதைச் சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டார். ஒரே மூச்சில் இவ்வளவு அவர் பேசி அக்கா கேட்டதில்லை.

அந்த ஞாயிறு பதினொரு மணிக்குத் திரையின் மூலையில் அறுநூற்று எட்டு என்று காட்டியது. தலைப்பு விளக்கு. அக்கா விளக்கை ஏற்றவே இல்லை. "முதல்ல ஒரு தப்ப சரி பண்ணிக்கறேன். இது வலிக்கும், எனக்குத்தான்" என்று தொடங்கினார். அதிகாரியின் புத்தகத்தைத் திரைக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, பக்க எண்ணைச் சொல்லி, மூன்று வரியையும் வாசித்தார். "இதுக்கு மேல எதுவும் கெடையாது. மகளும் இல்ல, மணிய யாரும் கட்டவும் இல்ல. இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க."

எண் இறங்கத் தொடங்கியது. ஐந்நூற்று எழுபது. ஐந்நூற்றுப் பத்து. ஒருவர், "அழ வச்சு ஏமாத்திட்டீங்க" என்று எழுதிவிட்டு வெளியேறினார். அக்காவின் கை முக்காலியின் விளிம்பைப் பிடித்திருந்தது. எண் நானூற்றுப் பதினொன்றில் நின்றது. ஒரு நிமிடம் பார்த்தார், அதற்குக் கீழே போகவில்லை. பேருந்து ஓட்டுநர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். வரலாற்றுக்காகவா, பல்லுக்காகவா என்பது தெரியவில்லை.

ஆசிரியை ஒலியைத் திறந்தார். குரலில் கோபம் இருந்தது. "பசங்க நாப்பத்திரண்டு பேரும் 'வாசல் நிலையில்'னு சரியா எழுதிட்டாங்க அக்கா. எல்லாருக்கும் ரெண்டு மார்க் போட்டுட்டேன். நாளைக்கு அவங்ககிட்ட நான் என்ன சொல்றது?"

"மார்க்க எடுக்காதீங்க டீச்சர், தப்பு அவங்களோடது இல்ல. இந்த மூணு வரிய போர்டுல எழுதிப் போடுங்க. மிச்சத்த அவங்களையே நெனச்சுப் பாக்கச் சொல்லுங்க. ஆனா நெனச்சதுன்னு மேல எழுதிட்டு எழுதட்டும். என்ன மாதிரிப் பண்ண வேணாம்."

ஆசிரியை யோசித்தார். யோசிக்கும்போதே முகம் தளர்ந்தது. "நாப்பத்திரண்டு பேரும் நாப்பத்திரண்டு விதமா எழுதுவானுங்க. திருத்தறதுக்குள்ள எனக்கு மூச்சு முட்டிடும்" என்றார். சொன்ன விதத்தில் அது புகாராகத் தெரியவில்லை.

"நானும் ஒண்ணு பண்றேன்" என்றார் அக்கா. "இனிமே கண்ணாடியப் போட்டுக்கிட்டுச் சொன்னா அது புத்தகத்துல இருக்கிறது. கழட்டிட்டேன்னா நானா நெனச்சது. கண்ணாடி இல்லாம உங்க மூஞ்சி எனக்குத் தெரியாது. அதனால ரொம்ப நேரம் கழட்டி வைக்க மாட்டேன், பயப்படாதீங்க."

அங்கங்கே கட்டங்களில் சிரிப்பு. விளக்கைப் பற்றிய முதல் அட்டையை அவர் கையில் எடுத்தார். ஆசிரியை இன்னும் ஒலியை மூடவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா? இல்லன்னு தெரிஞ்சுதான் கேக்கறேன்."

"கேளுங்க டீச்சர்."

"அந்தப் பொண்ணு அப்புறம் என்ன ஆனா?"

நானூற்றுப் பதினொரு பேரும் காத்திருந்தார்கள். அக்கா அட்டையைக் கீழே வைத்தார். இரண்டு கையாலும் கண்ணாடியைக் கழற்றி, மடித்து, தட்டின் ஓரத்தில் வைத்தார்.