விசில் கூடாத தோப்பு

கஸ்தூரி பயந்தவள் என்பது பே கோபுரத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பட்டாசெல்லாம் வேண்டாம், பக்கத்து வீட்டில் ஒரு சொம்பு உருண்டால் போதும், கையில் இருப்பதைப் போட்டுவிடுவாள். தெருப் பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. பின்னால் பூனை மாதிரி வந்து ஒரு கத்து கத்திவிட்டு ஓடுவார்கள். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவாள். பிள்ளைகளை அதட்ட வேண்டிய பெரியவர்களும் சேர்ந்து சிரிப்பார்கள்.

கல்யாணமாகி வந்தபோது அவள் இப்படி இல்லை. செங்கம் பக்கத்துப் பெண். உச்சி வெயிலில் தனியாகக் காட்டுக்குப் போய் விறகு கொண்டு வந்தவள். மாட்டுக் கொட்டகையில் புகுந்த சாரைப்பாம்பைக் கழியால் தூக்கி வேலிக்கு அப்பால் போட்டவள். இதையெல்லாம் தெருவில் யாரும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

அவள் புருஷன் சின்னசாமி, திருக்கோவிலூர் தடத்தில் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். தங்கமான மனுஷன் என்று ஊரே சொல்லும். வயசானவர்களைக் கைப்பிடித்து ஏற்றுவான், பிள்ளைத்தாய்ச்சிக்கு இடம் பிடித்துத் தருவான், தூங்கிப்போனவரை அவர் ஊர் வந்ததும் தட்டி எழுப்பி இறக்கிவிடுவான். அந்தத் தங்கம் வீட்டு வாசற்படி வரைக்கும்தான். வீட்டுக்குள் வந்ததும் காக்கிச் சட்டையைக் கழற்றுவான், கழுத்தில் தொங்கும் விசிலைக் கழற்ற மாட்டான்.

ஒரு விசில் அடித்தால் அவள் இருந்த இடத்தில் அப்படியே நிற்க வேண்டும். இரண்டு அடித்தால் ஓடி வர வேண்டும். பஸ்ஸுக்கு என்ன சட்டமோ அதுதான் பெண்டாட்டிக்கும். புதுசில் அது விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது, அவளும் சிரித்துக்கொண்டே ஓடி வந்தாள். தாமதமாக வந்த ஒரு நாள் பெல்ட் கழன்றது. அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை, தெருதான் சிரித்தது. "கண்டக்டர் வீட்டு வண்டி கெளம்பிடுச்சுடா" என்பார்கள்.

அப்புறம் கை நடுங்க ஆரம்பித்தது. நடுங்கினால் குழம்பு சிந்தும். சிந்தினால் அடி விழும். அடி விழுந்தால் மறுநாள் இன்னும் நடுங்கும். அவன் எப்போது விசில் அடிப்பானோ என்று கஸ்தூரி படுப்பதையே விட்டுவிட்டாள். கதவோரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் கண்ணை மூடுவாள். இந்த நடுக்கம் மட்டும் நின்றுவிட்டால் அடியும் நின்றுவிடும் என்று மனசார நம்பினாள். அவளைச் சொல்லி என்ன, அவள் அண்ணன் முதல் எண்ணெய்க்கடைக்காரர் வரை அப்படித்தான் நம்பினார்கள்.

ஊரே அவளுக்கு வைத்தியம் பார்த்தது. வேப்பிலை அடித்தார்கள். எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார்கள். தர்காவில் ஓதி முடிக்கயிறு கட்டினார்கள். குறி சொல்லும் கோடாங்கி வந்து, கன்னிப் பருவத்தில் கிணற்றடியில் எதையோ பார்த்துப் பயந்திருக்கிறாள் என்று கண்டுபிடித்துச் சொன்னான். அட பாவிகளா, கிணற்றடி வரைக்கும் போய்த் தேடியவர்கள் அந்த வீட்டு நடைவரைக்கும் வந்து பார்க்கவில்லையே! சின்னசாமிக்கு ஒரு மந்திரிப்பு வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த வருஷம், எண்பத்திரண்டோ மூன்றோ, சித்திரை மாசத்தில் அவன் சொல்லிவிட்டான். "ஆடிக்குள்ள உன் பயம் தெளியணும். இல்லன்னா உங்க அண்ணன் வூட்டுக்கு பஸ் ஏத்திடுவேன். எனக்குப் பொண்ணு குடுக்க ஆளு கீது." அண்ணன் வீட்டில் அண்ணி அவளை ஒரு வேளைகூடத் தங்கவிட மாட்டாள் என்பது அவனுக்கும் தெரியும்.

அடுத்த வீட்டு ஹபீபுன்னிசாதான் யானையைச் சொன்னாள். மெத்தை தைக்கிறவர் பெண்டாட்டி, வாய் ஜாஸ்தி, மனசும் ஜாஸ்தி. "யானை வயித்துக்கு அடியில மூணு தரம் நுழைஞ்சு வந்தா எந்த பயமும் நிக்காதுடி. என் பொண்ணுக்குப் பண்ணோம், மறுநாளே தெளிஞ்சிட்டா."

"அது கொழந்தைங்களுக்கு, அக்கா. கோயில் வாசல்ல நான் போயி தவழ்ந்தா, தெருவே வந்து நிக்குமே."

"கோயிலுக்கு யாரு போவச் சொன்னா? அடி அண்ணாமலையில ஒரு தோப்புல யானை வச்சிருக்காங்க. சர்க்கஸ்லேர்ந்து மீட்ட யானையாம். அங்க கூட்டம் இருக்காது."

உண்மைதான். சில வருஷத்துக்கு முன் ஊருக்கு வந்த ஒரு சர்க்கஸ் மழையில் நொடித்துப்போய்க் கூடாரத்தை விற்றுவிட்டுப் போனது. மிஞ்சிய பெண் யானையை, ஆசிரமத்துப் பக்கம் வாடகைக்கு இருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் வாங்கி மாந்தோப்பில் விட்டிருந்தாள். பிறகு, தெருத் தெருவாகப் பிச்சை எடுத்துக் கண்ணவிந்த இன்னொரு கிழட்டு யானையும் அங்கே வந்து சேர்ந்தது.

சித்ரா பௌர்ணமியன்று இரண்டு பெண்களும் நடந்தார்கள். மலை சுற்ற வந்த ஜனம் பகலிலேயே பாதையில் நிறைந்திருந்தது. கஸ்தூரி ஹபீபுன்னிசாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். யானையைத் தூரத்தில் பார்த்தாலே சந்துக்குள் ஒதுங்குகிறவள் அதன் அடியில் நுழையப் போகிறாள். மிதித்துவிட்டால்? மிதிக்காமல் விட்டு, நடுக்கமும் போகாமல் விட்டால்? இரண்டாவதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

தோப்பு வாசலில் மூங்கில் படல். பக்கத்தில் சுண்ணாம்பில் எழுதிய பலகை: ஏறக் கூடாது, ஆசீர்வாதம் கிடையாது, யானை முடி கேட்கக் கூடாது, விசில் கூடாது. கடைசி வரியை அவள் எழுத்துக் கூட்டிக் கூட்டி இரண்டு தரம் படித்தாள்.

யானையைப் பார்த்துக்கொண்டவர் ஜானி பாஷா. சர்க்கஸில் தீவனம் போட்டவர், முதலாளி போன பிறகும் யானையோடு நின்றுவிட்டவர். ஹபீபுன்னிசா வந்த விஷயத்தைச் சொல்ல, அவர் தலையை ஆட்டினார்.

"அதெல்லாம் இங்க இல்லீங்கம்மா. பள்ளத்துக்கு இந்தப் பக்கம் நின்னு பாருங்க. தண்ணி குடிங்க. பாத்துட்டுப் போங்க."

"ஒரே ஒரு தரம், பாய். பொண்ணு ரொம்ப பயந்து கெடக்குறா."

"அதுவும் பயந்துதான் கெடக்குது" என்றார் அவர். சொல்லிவிட்டுக் குவளையில் தண்ணீர் மொண்டு கஸ்தூரியிடம் நீட்டினார்.

யானை தாண்டாமலிருக்க வெட்டிய பள்ளத்துக்கு அப்பால், மாமரத்தடியில் சர்க்கஸ் யானை ராணி நின்றுகொண்டிருந்தது. ஆலந்தழைக் கட்டை ஒரு காலால் மிதித்துத் துதிக்கையால் கிளை கிளையாக உருவித் தின்றது. முன்னங்காலைச் சுற்றிச் சங்கிலி அறுத்த தழும்பு, காப்புப் போட்ட மாதிரி. இவ்வளவு பெரிய உடம்பு அசைந்தால் என்ன ஆகும் என்று நினைத்ததுமே கஸ்தூரியின் கால் பின்னால் போனது.

அப்போது பாதையில் கூட்டத்தை ஒழுங்குபடுத்திய ஒரு போலீஸ்காரர் விசில் அடித்தார். ஒரே ஒரு விசில்.

யானை அப்படியே நின்றது. தூக்கிய முன்னங்கால் தூக்கியபடி, வாயில் வைத்த தழை வைத்தபடி. காது ஆடவில்லை. பின்னங்கால் வழியாக மூத்திரம் மட்டும் சோவென்று கொட்டி மண்ணில் ஓடியது. அத்தனை பெரிய உடம்பும் உள்ளுக்குள் நடுங்குவது பள்ளத்துக்கு இந்தப் பக்கம் தெரிந்தது.

ஹபீபுன்னிசா, "ஐயோ பாவம்" என்று திரும்பினாள். கஸ்தூரியும் நின்றுகொண்டிருந்தாள். குவளை கீழே விழுந்திருந்தது. ஒரு கால் தரையில் பாவாமல், கை நீட்டியபடி, கண் எங்கோ நிலைகுத்தி.

ஜானி பாஷா இரண்டையும் பார்த்தார். குவளையை எடுத்துத் துடைத்தார். "உங்களுக்கு யாரும்மா விசில் அடிக்கிறது?" என்று கேட்டார்.

இத்தனை வருஷத்தில் அவளை யாரும் கேட்காத கேள்வி அது. "அவ வூட்டுக்காரரு கண்டக்டரு" என்றாள் ஹபீபுன்னிசா. சொன்ன பிறகுதான் அவளுக்கே ஏதோ உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

திரும்பும்போது படலருகே கஸ்தூரி தானாக வாயைத் திறந்தாள். "அதுக்கு பயம் தெளிய இன்னா மருந்து குடுக்கறீங்க?"

"மருந்தா? ஒண்ணும் இல்லம்மா. சர்க்கஸ்ல விசில ஊதித்தான் அங்குசத்தால குத்துவாங்க. இங்க ரெண்டையும் உள்ள விடறதில்ல. அவ்ளோதான்."

"பயம் போவலையே."

"போவல. ஆனா இங்க வந்தப்ப இது படுக்கவே படுக்காது. நின்னுகிட்டே கண்ண மூடும். இப்ப கால நீட்டிப் படுத்துத் தூங்குது."

"படுத்தா?" என்றாள் கஸ்தூரி.

மறுநாள் சின்னசாமி பரீட்சை வைத்தான். "யானைகிட்ட போனியாமே, தெளிஞ்சுதா பாக்கலாம்" என்று அவள் சோறு போடும் நேரமாகப் பார்த்து, காதருகே விசில் அடித்தான். குண்டான் சாய்ந்தது. அவன் பெல்ட்டைத் தேடி எடுத்தான். கஸ்தூரி அடியை வாங்கிக்கொண்டே முதன்முறையாக அந்த விசிலைப் பார்த்தாள். விரல் நீளம்கூட இல்லாத ஒரு தகரத் துண்டு.

விடிந்து அவன் பஸ்ஸின் முதல் நடைக்குப் போனதும் இரண்டு புடவையைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினாள். தைரியம் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் மரத்தின் பின்னால் மறைந்தாள். அடி அண்ணாமலை போய்ப் படலைப் பிடித்துக்கொண்டு, "களி கிண்டத் தெரியும், தழை அறுக்கத் தெரியும், என்னை வச்சிக்குவீங்களா?" என்று கேட்டாள். உதட்டின் வீக்கத்தைப் பார்த்த வெள்ளைக்கார அம்மாள், தெரிந்த அரைகுறைத் தமிழில், "உள்ளே வா" என்றாள். தீவனக் கொட்டகையை ஒட்டிய அறை கஸ்தூரிக்குக் கிடைத்தது. அங்கேயும் அவள் கதவோரம் உட்கார்ந்துதான் தூங்கினாள். வருவான் என்று தெரியும்.

வந்தான். அமாவாசை கழிந்து ஒரு நாள், பிற்பகல், காக்கிச் சட்டையோடு. ஜானி பாஷா கிழட்டு யானையைக் குட்டைக்குக் கூட்டிப் போயிருந்தார். கஸ்தூரி பள்ளத்துக்கு உள்பக்கம், ராணிக்குக் கொஞ்சம் தள்ளி, தழை பிரித்துக்கொண்டிருந்தாள். படலுக்கு வெளியே நின்று அவன் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடவில்லை. இரண்டு விசில் அடித்தான்.

கால் ஓடியது. அவள் ஓடவில்லை, கால்தான் ஓடியது. பள்ளத்தின் மேல் போட்டிருந்த பலகையைத் தாண்டிப் படல் பக்கம் வந்த பிறகுதான் பின்னால் மரம் முறியும் சத்தம் கேட்டது. திரும்பினாள். ராணி மாமரத்தோடு முதுகை ஒட்டி ஒட்டிப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. தும்பிக்கையை வாய்க்குள் மடித்து வைத்துக்கொண்டு, கால் நடுவே மூத்திரம் ஓட.

கஸ்தூரி நின்றாள்.

"இன்னா மொறைக்கிற? வண்டி ஏறு" என்றான் சின்னசாமி. மறுபடியும் விசிலை வாயில் வைத்தான்.

"யோவ், ஊதாத" என்றாள். குரல் கீச்சென்று, அவளுக்கே அடையாளம் தெரியாத குரலாக வந்தது. "ஊதாதய்யா. அது பயப்படுது. பாரு, எப்படி நடுங்குது பாரு. அது இன்னா பாவம் பண்ணுச்சு? அதுக்கு வலிக்குதுய்யா. அது படுத்துத் தூங்கணும்யா!"

பாதையில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். கூடை இறக்கிவைத்த ஒரு கிழவி கண்ணை இடுக்கிப் பார்த்தாள். "நீ நம்ம திருக்கோவிலூர் வண்டி கண்டக்டரு இல்ல? நீயா இப்படி?" என்றாள். சின்னசாமியின் முகம் பஸ்ஸில் சிரிக்கிற சிரிப்புக்கு மாறப் பார்த்தது, முடியவில்லை. விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டான். "உன்ன அப்புறம் பாத்துக்கறேன்" என்று பல்லைக் கடித்துச் சொல்லிவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனான்.

அதற்கப்புறமும் இரண்டொரு தரம் வந்தான். படலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனான், ஊதவில்லை. அடுத்த தையில் வேறு கல்யாணம் செய்துகொண்டதாகக் கேள்வி. அந்தப் பெண்ணை நினைத்துக் கஸ்தூரி பல நாள் சாப்பிடாமல் கிடந்தாள். அவள் பயம் போகவே இல்லை. எண்பதுகள் முடிந்து, தோப்பில் அவள் தலை நரைத்த பிறகும், ரோட்டில் பஸ் விசில் கேட்டால் கையில் இருப்பது கீழே விழத்தான் விழும்.

ஆனால் அன்றைக்கு, அவன் போன பிறகு, கஸ்தூரி நடுக்கம் அடங்காமல் தழைக் குவியலருகே உட்கார்ந்திருந்தாள். ராணி வெகுநேரம் நின்றபடியே இருந்தது. வெயில் சாய்ந்ததும் ஒவ்வொரு காலாக மடித்துப் பெரிய மூச்சு விட்டுச் சாய்ந்து படுத்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையை மண்ணில் விரித்து, சுவரும் கதவும் இல்லாத அந்த இடத்தில், கால் இரண்டையும் நீட்டிப் படுத்தாள். ஜானி பாஷா குட்டையிலிருந்து திரும்பி வந்து பார்த்தபோது இரண்டு பேருமே தூங்கிக்கொண்டிருந்தார்கள்.