நத்தர்ஷாவின் பதினொரு பிரம்புகள்

உத்தமபாளையத்து நத்தர்ஷா ராவுத்தர் கரும்பு விவசாயி. வெட்டிய கட்டையிலிருந்து மறுதாம்பு தழைப்பதை முப்பது ஆண்டுகள் பார்த்தவர். அந்தப் பழக்கமே அவரை வீழ்த்தியது.

குமுளியில் ஏலக்காய்க் கடை வைத்திருந்த நண்பர் ஞானதுரை 1968இல் ஒரு படி பிரம்பம்பழம் கொடுத்தார். விதை காய்ந்தால் முளைக்காது என்ற அவருடைய எச்சரிக்கையின்படி, நத்தர்ஷா அன்றைக்கே தோலுரித்து, சதையைத் தேய்த்துக் கழுவி, ஈரமணலில் ஊன்றினார். நான்காம் மாதம் முளை கண்டது. ஓராண்டு நிழலில் வைத்துத் தேறிய பதினொரு கன்றுகளையும் வாய்க்காலோரத்து மா, பலா மரங்களின் அடியில், மரத்துக்கொன்றாக நட்டார். கொக்கிமுட்களால் கிளைகளைப் பற்றி அவை உச்சிக்கு ஏறின.

அம்மரங்களை அகற்றித் தென்னை வைக்க வேண்டும் என்பது மனைவி அக்தர் பேகத்தின் நெடுநாள் வாதம்.

“ஒருக்க நட்டாச்சு. இனி பேரன் காலம் வரைக்கும் வெட்ட வெட்ட வரும்” என்பார் நத்தர்ஷா.

“வரலைன்னா?”

“மறுநாளே நானே தென்னைக்குக் குழி வெட்டித் தாரேன்.”

1980 தையில் கரும்பு வெட்டும் கர்ணனை அழைத்து, எல்லாவற்றையும் தரையோடு அறுக்கச் சொன்னார். முந்திய ஆண்டுப் பழங்களைக் காக்கைகளுக்கே விட்டிருந்தார். மறுதாம்பு வரும்போது விதை எதற்கு? பத்துப் பிரம்புகள் இறங்கின. பதினோராவது ஏறிய பலாவைக் கர்ணன் அண்ணாந்து பார்த்தான்.

“அங்கன தேன்கூடு தொங்குது, மொதலாளி. அருவாளை நீங்களே பிடிங்க.”

அது மட்டும் தப்பியது.

கோடை மழை பெய்தது. ஆடிச் சாரலும் வந்தது. ஒரு குருத்தும் இல்லை. ஐப்பசியில் நத்தர்ஷா ஒரு கட்டையை விரலால் அழுத்தினார். விரல் உள்ளே போயிற்று. பத்தும் மக்கியிருந்தன.

பார்க்க வந்த ஞானதுரை தலையில் கைவைத்தார். “தூர் கட்டுற சாதி வேற ராவுத்தரே, இது ஒத்தைத் தண்டு. பனையை அடியோட வெட்டுனா தழைக்குமா?”

பனை தழைக்காது என்று நத்தர்ஷாவுக்குத் தெரியும். பிரம்பும் பனையின் இனம் என்பதுதான் தெரியாது.

மிஞ்சிய ஒன்றில் விதை எடுக்கலாம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு காத்திருந்தார். அது பூத்ததும், எட்டிய கொத்தை ஞானதுரை தட்டினார். நத்தர்ஷாவின் உள்ளங்கையில் மஞ்சள் தூள் உதிர்ந்தது.

“இதுல ஆண் வேற, பெண் வேற. தூள் கொட்டுனா ஆண். இது காய்க்காது.”

அக்தர் பேகம் வாய்க்கால் கரையிலிருந்து கேட்டார். “மிஞ்சுனதும் ஆம்பளையா? அதுக்கும் நாந்தேன் சோறு வடிக்கணுமாக்கும்.”

ஒருவரும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் நத்தர்ஷா சொன்ன சொல் தவறாமல் மண்வெட்டியுடன் இறங்கினார். கர்ணன் பத்து மரங்களைச் சாய்த்துவிட்டுப் பலாவை நெருங்கினான்.

“அதை விடு. தேன்கூடு இருக்குல்ல” என்றார் அக்தர் பேகம்.

தேனீக்கள் அந்தக் கூட்டை விட்டுப் போய் ஓராண்டு ஆகியிருந்தது.