மாதேஷ் வாங்கிய உயரமான வண்டி

வெண்ணந்தூருக்கு வெளியே, தார் ரோட்டை விட்டிறங்கி மண் தடத்தில் கொஞ்சத் தூரம் போனால், சோளக்காட்டுக்கு நடுவில் மாதேஷின் வீடு இருக்கிறது. அந்த வீட்டில் இருப்பவர்கள் இரண்டே பேர்: நாற்பத்து மூன்று வயதான மாதேஷ், அவனைவிட ஐந்து வயது மூத்த அக்கா அமுதவல்லி. இருவருக்கும் திருமணம் ஆகவில்லை. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி வேலைக்குப் போன ஆண்களுக்குப் பெண் கொடுப்பவர்கள் இந்தப் பக்கத்தில் குறைந்துபோனார்கள். அமுதவல்லிக்கோ, கைக்குழந்தையாக இருந்தபோதே இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிவிட்டது.

அப்படியொரு ரிக்கோடு மாதேஷ் தன் இளமை முழுவதையும் சத்தீஸ்கரிலும் மத்தியப் பிரதேசத்திலும் கழித்தான். குழாய் மாட்டும் ஆளாகப் போனவன் டிரில்லராக உயர்ந்து ஊர் திரும்பினான். கம்ப்ரசரின் இரைச்சலில் காது பாதி மந்தமாகி, மெதுவாகப் பேசுவது என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. ரகசியம் சொன்னாலும் பக்கத்துக் காட்டுக்குக் கேட்கும். வேலையிடத்துக்கு முதலாளி வருகிற போதெல்லாம் ஜீப்பில் வருவார். கல்தூசியில் வெளுத்துப்போன ஆட்கள் எழுந்து ஒதுங்குவார்கள். உயரத்திலிருந்து ஒரு கால் முதலில் வெளியே வரும், பிறகு முதலாளி வருவார். அந்தக் காட்சி மாதேஷின் மனத்தில் எங்கோ தங்கிவிட்டது.

அமுதவல்லி வெண்ணந்தூர்க் கடைவீதியில் தையல் கடை வைத்திருக்கிறாள். கடைக்கும் வீட்டுக்கும் பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் போதும். ராசிபுரத்தைத் தாண்ட வேண்டுமென்றால் பஸ்தான். பஸ்ஸின் முதல் படி அவளுடைய முழங்கால் உயரம். இடது காலில் இரும்புச் சட்டம் வைத்த காலிப்பர் மாட்டியிருப்பதால் அந்தக் கால் தானாக மடங்காது. யாராவது கக்கத்தில் கைகொடுத்துத் தூக்குவார்கள். பின்னாலிருந்து யாராவது தள்ளுவார்கள். அதற்கு அஞ்சியே உறவினர் வீட்டு விசேஷங்கள் பலவற்றுக்கு அவள் போனதில்லை. போகாததற்குக் கடையில் தைக்கும் துணி நிறைய இருக்கிறது என்று காரணம் சொல்வாள். மாதேஷுக்கு உண்மை தெரியும். ஊர் திரும்புவதற்கு முன்பே, போனில் அவளிடம் சொல்லியிருந்தான்: "வந்ததும் மொத வேலையா ஒரு காரு வாங்கறேன்க்கா. இனி ஒருத்தன் உன்னயத் தொட்டு ஏத்த வேண்டாம்."

சேலம் புறவழிச்சாலையில் பழைய வண்டிகள் விற்கும் யார்டு ஒன்றுக்கு இருவரும் போனார்கள். அதை நடத்துகிறவர் செங்கோடன். தகரக் கொட்டகைக்குக் கீழே நாற்காலி போட்டு அமுதவல்லியை உட்காரவைத்துவிட்டு, மாதேஷை வண்டி வண்டியாக அழைத்துப்போனார். வண்டி பார்க்க வந்த வேறு நாலைந்து பேரும் கூடவே நடந்தார்கள்.

அமுதவல்லி நாற்காலியில் அதிக நேரம் இருக்கவில்லை. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, ஓரத்தில் நின்ற ஒரு சின்ன வெள்ளைக் காரிடம் போனாள். கதவைத் திறந்து, பக்கவாட்டில் திரும்பி, முதலில் இருக்கையில் உட்கார்ந்தாள். பிறகு இரும்புக் காலை இரண்டு கைகளாலும் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டாள். கதவைத் தானே சாத்தினாள்.

"மாதேசு, இது நல்லா இருக்குது சாமி," என்று கண்ணாடி வழியாகக் கூப்பிட்டாள்.

மாதேஷ் பார்த்தான்.

செங்கோடன் சிரித்தார். "அதுங்களா? டீச்சரம்மா ஒருத்தங்க பள்ளிக்கூடத்துக்கு ஓட்டுனதுங்க. வண்டி ஒரு கீறல் இல்லாம பொட்டாட்ட இருக்கும். ஆனா ரிக்குல இருந்தவரு இதுல ஏறுனா முட்டி வந்து தாடையில இடிக்குமுங்க."

"தலைக்கு மேல ஒரு ஓட்டை போட்டுக்கட்டுமுங்க," என்றான் கூட வந்தவர்களில் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். மாதேஷும் சிரித்தான், சிரித்தபடியே முகத்தைத் திருப்பிக்கொண்டான். திரும்பிய பக்கத்தில் ஒரு கரும்பச்சை ஜீப் நின்றது.

அதை அவன் குறை வைக்காமல் சோதித்தான். தரையில் படுத்து, சேஸிஸில் துருவோ வெல்டிங்கோ இருக்கிறதா என்று பார்த்தான். குளிர்ந்த எஞ்சினைத் தானே ஸ்டார்ட் செய்து புகையின் நிறத்தைக் கவனித்தான். நாலு சக்கரமும் இழுக்கிற தனி கியரைப் போட்டு, யார்டுக்குப் பின்னாலிருந்த மண்மேட்டில் ஏற்றி இறக்கினான். மேட்டின் உச்சியில் நின்றபோது கீழே இருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

அமுதவல்லி அருகில் வந்து ஊன்றுகோலால் படியைத் தொட்டுப் பார்த்தாள். "படி ஒசரமா இருக்குதேடா?"

"பழகுனா சரியாப் போயிரும்க்கா! மழை பேஞ்சா நம்ம தடத்துல அந்த டப்பா பொதைஞ்சுக்கும். அப்பறம் யாரு தள்றது?" என்றான் மாதேஷ், யார்டு முழுக்கக் கேட்கும்படி.

அவர்கள் வீட்டுத் தடம் சேறாவது ஆண்டுக்கு ஒரு சில நாட்கள்தான். அது இருவருக்கும் தெரியும். அமுதவல்லி ஊன்றுகோலைப் படியிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

ஜீப்பை வாங்கி வந்த பிறகு, அக்கா ஏறுவதற்கு வீட்டில் அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். வாசலிலிருந்த துணி துவைக்கும் கல்லை ஒட்டி ஜீப்பைப் பின்னால் எடுத்து நிறுத்துவான். அவள் கல்மேல் ஏறி, அங்கிருந்து வண்டிக்குள் போய்விடுவாள். "பாத்தயா, எவ்வளவு சுளுவு!" என்று அவன் சொன்னபோது அவளும் தலையாட்டினாள். மற்ற இடங்களில் கல் இருக்காது என்பதை அவன் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணிப் பார்க்க விரும்பவில்லை என்பதே சரி.

அத்தை கந்தம்மாளின் பேரனுக்குக் காது குத்து வந்தது. பனமரத்துப்பட்டி ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் குலதெய்வக் கோயிலில் விசேஷம். அமுதவல்லி தானே தைத்த புது ரவிக்கையும், பெட்டியில் வைத்திருந்த பட்டுப் புடவையுமாகப் புறப்பட்டாள். வழியெல்லாம் உற்சாகமாகப் பேசிக்கொண்டு வந்தாள். கோயில் மைதானத்தில் சொந்தபந்தங்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். மாதேஷ் வண்டியைப் பந்தலுக்கு எதிரிலேயே கொண்டுபோய் நிறுத்தி, ஒரு காலை முதலில் வெளியே நீட்டி இறங்கினான்.

"அடேயப்பா, ராசா வந்துட்டாரு! இனிப் பொண்ணு தேடி வரும்பாரு," என்றாள் அத்தை.

அமுதவல்லி மேலேயே உட்கார்ந்திருந்தாள். கீழே தரை வெகு தூரத்தில் இருந்தது.

அத்தை மகன் ஜெயபிரகாஷ் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிவந்து போட்டான். "ஏன் மாப்ள, அக்காளுக்கு வண்டி வாங்குனவன் ஒரு கிரேனையும் சேத்தி வாங்கக் கூடாதா?" என்று கேட்டுச் சிரித்தான். இரண்டு பெண்கள் ஓடிவந்து அமுதவல்லியின் கைகளைப் பிடித்தார்கள். அவள் நாற்காலிமேல் காலை வைத்தாள். மணலில் நாற்காலியின் ஒரு கால் புதைந்து சாய்ந்தது.

அவள் பக்கவாட்டில் சரிந்து விழுந்தாள். புடவை படியின் முனையில் மாட்டி முழங்காலுக்கு மேல் ஏறிக்கொண்டது. இவ்வளவு காலம் யார் கண்ணிலும் படாமல் அவள் காத்துவந்த சூம்பிய காலும், அதைச் சுற்றிய இரும்பும், தோல்வாரும் வெயிலில் கிடந்தன.

"அம்மா, அது என்ன இரும்பு?" என்று ஒரு குழந்தை கேட்டது.

அமுதவல்லி எழ முயலவில்லை. முதலில் புடவையை இழுத்து மூடினாள்.

அப்போதுதான் மாதேஷ் அந்தப் பக்கம் வந்து சேர்ந்தான். எல்லார் கண்களும் தன்மேல் இருப்பதைக் கண்டான். அவன் வாயிலிருந்து வந்தது இதுதான்: "படியப் பாத்துக் கால வெக்க வேண்டாமாக்கா? பழகோணும்னு நாந்தான் சொன்னேனில்ல!"

மேளக்காரர்கள் அந்த நேரம் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தார்கள். பந்தலின் கடைசி வரிசை வரைக்கும் அந்தச் சொல் போய்ச் சேர்ந்தது. ஜெயபிரகாஷ்கூடத் தலையைக் குனிந்துகொண்டான். தான் என்ன சொன்னோம் என்பது மாதேஷுக்கு மற்றவர்களின் முகங்களைப் பார்த்த பிறகே உறைத்தது.

விருந்து முடிந்ததும் அமுதவல்லி ஜெயபிரகாஷின் தாழ்வான காரிடம் போனாள். "நான் இதுல வாரேனுங்க, என்னய ஊட்டுல உட்டுருங்க," என்றாள். யாருடைய உதவியும் இல்லாமல் ஏறி உட்கார்ந்தாள். மாதேஷ் தனியாகப் பின்னால் வந்தான். ஜீப்பின் உயரத்திலிருந்து பார்க்க, முன்னால் போகும் காரின் பின்கண்ணாடிக்குள் அவளுடைய கொண்டையும் அதிலிருந்த மல்லிகையும் வீடு வரைக்கும் தெரிந்துகொண்டே இருந்தன. அவள் ஒரு முறைகூடத் திரும்பவில்லை.

வீட்டில் அவள் காலிப்பரைக் கழற்றி வைத்துவிட்டுச் சிராய்ப்பில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். மாதேஷ் கதவருகில் நின்றான்.

"வண்டிய வித்தர்றேன்க்கா."

"வித்துரு. ஆனா என் காலக் காரணஞ் சொல்லி விக்காதே."

"அப்பறம் வேற என்னன்னு சொல்றது?"

"அன்னிக்கு அந்தச் சின்ன வண்டியில நான் ஏறி உக்காந்தத நீ பாத்தயா இல்லயா?"

"பாத்தேன்."

"பாத்துட்டுத்தான மூஞ்சியத் திருப்புனே?"

அவள் எண்ணெய்க் கிண்ணத்தை மூடி வைத்தாள்.

மறுநாள் யார்டில் அந்த வெள்ளைக் கார் இல்லை, விற்றுப்போயிருந்தது. அன்றும் வண்டி பார்க்கக் கூட்டம் இருந்தது.

"ஏனுங்க, மாசம் முடியலீங்களே, அதுக்குள்ள திருப்பிக் கொண்டாந்துட்டீங்க? வண்டியில கொறையுங்களா?" என்று கேட்டார் செங்கோடன்.

"வண்டியில கொறை இல்லீங்க."

"அப்ப அக்காளுக்கு ஏற முடியலீங்களா? நான் அப்பவே நெனச்சேனுங்க."

ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். செங்கோடன் பரிதாபப்படுவார், சுற்றி நிற்பவர்களும் பரிதாபப்படுவார்கள், அக்காவுக்காக ஆசைப்பட்ட வண்டியை விட்டுக்கொடுத்த தம்பி என்ற பெயரும் கிடைக்கும். மாதேஷின் தலை ஏறக்குறைய அசைந்தேவிட்டது.

"இல்லீங்க," என்றான். "அவளுக்கு எது தோதுன்னு அவ அன்னிக்கே காட்டுனா. நீங்க நாலு பேரு சிரிச்சீங்க. உங்க முன்னால பெரிய ஆளாத் தெரியோணும்னு நான் இத எடுத்துட்டேன். கொறை எம்மேலதானுங்க."

வழக்கமான அவனுடைய குரலில்தான் சொன்னான். யார்டின் அந்தக் கோடியில் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கூட நிமிர்ந்து பார்த்தார். யாரோ வாய்க்குள் சிரித்தார்கள். மாதேஷின் காதுகள் எரிந்தன. செங்கோடன் குறைத்துச் சொன்ன விலைக்குப் பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டு, சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து அக்காவுக்குப் போன் செய்தான்.

"வித்தாச்சுக்கா."

"என்னன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க. பெருமைக்கு எடுத்தேன்னு சொன்னேன்."

"ம்," என்றாள் அமுதவல்லி.

"தணிவான வண்டி ரெண்டு நிக்குதுக்கா. நல்லதா ஒண்ணப் பேசி முடிச்சரட்டுமா?"

"வேண்டாம். நான் வந்து உக்காந்து பாக்கோணும். நாளைக்கு ரெண்டு பேரும் பஸ்ஸுல போலாம்."

"பஸ்ஸுலயாக்கா?"

"வேற எதுல?"

மாதேஷ் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி நின்றான்.

"காத்தால பஸ்ஸுல பள்ளிக்கூடத்துப் பசங்க கூட்டமா இருக்கும். பத்து மணிக்கு மேல போலாம்," என்றாள் அமுதவல்லி. "நீ நேரமே ஊட்டுக்கு வந்துரு."