இரவல் கதிரைகள்

எங்கள் சாப்பாட்டு மேசைக்கு ஒரே ஒரு கதிரைதான். அது அப்பாவுடையது. எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்புக் கடை எரிந்து அனலைதீவுக்கு வந்து சேர்ந்தவரிடம் மிஞ்சியிருந்த முதலாளித்தனம், வீட்டில் முதலில் சாப்பிடுவது மட்டும்தான். பிறகு ஆண்பிள்ளையான நான். அம்மாவும் அக்காவும் குசினியில், சட்டியில் கிடப்பதைப் பொறுத்து.

பெரியபிள்ளையான அடுத்த வருடம் அக்கா சாப்பாட்டைக் குறைத்தாள். முதலில் வெள்ளி, பிறகு செவ்வாய், பிறகு கிழமையில் மிஞ்சிய நாளெல்லாம். நயினாதீவு அம்மனுக்கு விரதம் என்று ஊர் மெச்சியது. அப்பாவின் தங்கையான மாமி, "பிள்ளையெண்டா இப்பிடி இருக்கோணும்" என்று என் வயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அந்த வயிற்றை நான் இன்றுவரை கைவிடவில்லை.

அக்கா கோயில் வீதியில் மயங்கி விழுந்த பிறகுதான் வள்ளமேறி யாழ்ப்பாணம் போனோம். எலும்பும் தோலுமாக இருந்தவள், "நான் சரியான மொத்தம், டொக்டர், இன்னும் மெலியோணும்" என்றாள். மனநோய் பார்க்கும் டொக்டர் சிரிக்கவில்லை.

"இது விரதமில்லை, வருத்தம், மனசிலை வாற நோய். மூண்டு நேரமும் எல்லாரும் ஒரு மேசையிலை இருங்கோ. அவ சாப்பிட்டு முடியுமட்டும் ஒருத்தரும் எழும்பக் கூடாது. அம்மா எப்ப சாப்பிடுறவ?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா நிலத்தைப் பார்த்தார்.

"ஒரு மருந்துக் குளிசைகூட இல்லை. இதுக்கே வந்தனாங்கள்?" என்று அப்பா வள்ளத்தில் பொருமினார். ஆனாலும் பக்கத்து வீட்டில் மூன்று கதிரை இரவல் வாங்கினோம்.

முதல்நாள் அக்கா சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு அழுதாள். "எனக்கு உன்னிலை கோவமில்லையடி, அந்த வருத்தத்திலைதான். இன்னும் ஒரு வாய்" என்று அம்மா அசையாமல் இருந்தார். மெல்ல மெல்லக் கோப்பை காலியாகத் தொடங்கியது. அப்பாவின் மீசையில் சொதி ஒட்டியிருப்பதைக் கண்டு அக்கா ஒருநாள் சிரித்தே விட்டாள்.

அப்போதுதான் மாமி வந்தார்.

"என்ன அண்ணை, பெண்டுகளோடை பந்தியோ? கடையோடை ஆம்பிளை மரியாதையும் போச்சோ?"

அப்பா எழுந்தார். அவர் கைகழுவத் தண்ணீர் வார்க்க அம்மாவும் எழுந்தார். வாய்வரை கொண்டுபோன பிடியை அக்கா மெதுவாகக் கோப்பையில் வைத்தாள். அதற்குப் பிறகு அப்பா அந்த மேசையில் தனியாகத்தான் சாப்பிட்டார். கதிரைகள் திரும்பிப் போயின.

மறுபடி அவை வந்தது அக்காவின் செத்தவீட்டுக்கு. முற்றத்தில் ஆண்கள் இருந்தார்கள். அம்மா உள்ளே நிலத்தில். அப்பா பக்கத்தில் எனக்கும் ஒரு கதிரை கிடைத்தது. உட்கார்ந்தபோது கால் முதன்முறையாக நிலத்தில் முட்டியது. பெரிய ஆளாகிவிட்டேன் என்று எனக்கு ஒரே சந்தோசம், புளுகம்.